மூச்சிரைப்பை வயதின் மேல் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாடிப்படியில் பாதி ஏறியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார் என் அப்பா. வயசானால் அப்படித்தான் என்று நாங்களும் விட்டுவிட்டோம். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் சட்டைக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு இருமல் மருந்து எழுதிக்கொடுத்தார். பல மாதம் கழித்து வேறொரு டாக்டர்தான் சட்டையைக் கழற்றச் சொல்லி, நெஞ்சின் வலது மேற்புறத்திலும், அப்புறம் கழுத்திலும் வைத்து நிதானமாகக் கேட்டார். இதயத் துடிப்போடு ஓர் இரைச்சல் இருந்தது. எக்கோவில், அதாவது இதயத்துக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில், பெருந்தமனி வால்வு (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாசல்) சுருங்கியிருப்பது தெரிந்தது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2016இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில், 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,500 பேருக்கு எக்கோ எடுத்தார்கள். அவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு, அதுவரை யாரும் கண்டுபிடிக்காத, மிதமான அல்லது கடுமையான வால்வு நோய் இருந்தது!

சுருங்கிய வால்வை மாத்திரையால் விரிக்க முடியாது. முற்றினால் மாற்றத்தான் வேண்டும். நாள் கடத்தினால் இதயத் தசையே தளர்ந்துவிடும். ஸ்டெதஸ்கோப்பும் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. அதனால் வயதானவர் மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, மயக்கம் என்று வந்தால், சத்தம் கேட்காவிட்டாலும் முதலில் பார்க்கும் டாக்டரே எக்கோவுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும்.

ஒரு வாசகர்