அப்பாவுக்கு, நல்லார்பர் படங்களைப் பற்றி

பெர்த்,
ஆகஸ்ட் 29

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். மெல்பர்னிலிருந்து கிளம்பி ஏழாம் நாள் மதியம் பெர்த் வந்து சேர்ந்தோம். ஏறக்குறைய 3,400 கிலோமீட்டர். வண்டிக்கு ஒரு பஞ்சர்கூட ஆகவில்லை.

குடும்ப குரூப்பில் போட்ட படங்களுக்கு எல்லாரும் "அருமை" என்று எழுதியிருந்தார்கள். நீங்கள் ஒருவர்தான் குரல் பதிவில் கேள்வி கேட்டு அனுப்பினீர்கள். "என்ன கண்ணு, எல்லாம் வெறும் ரோடா இருக்குது? நடுக்காட்டுல ஜீப்ரா கிராசிங் எதுக்கு? அந்த லாரிக்கு எத்தனை டயரு?" அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். போனில் பதில் சொல்லலாம் என்றால் அம்மா நடுவில் வாங்கி, பையன் சாப்பிட்டானா என்று ஆரம்பித்துவிடும். லாரி ஓட்டிப் போகும்போது நாக்பூரிலிருந்தும் இந்தூரிலிருந்தும் 15 பைசா கார்டில் நீங்கள் எங்களுக்கு நாலு வரி எழுதுவீர்களே, அந்தக் கணக்கில் இது நான் உங்களுக்குப் போடும் கார்டு. கொஞ்சம் நீளமாகிவிட்டது.

முதலில் ரோடு. தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டாவிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மன் வரைக்கும் ஏறக்குறைய 1,660 கிலோமீட்டருக்கு ஏர் நெடுஞ்சாலை என்று பெயர். 1841இல் எட்வர்ட் ஜான் ஏர் என்ற வெள்ளைக்காரர் இந்தப் பக்கமாகக் கடந்தார். கடைசிவரை அவருடன் வந்தவர் வைலி என்ற பழங்குடி இளைஞர். ரோட்டுக்கு வைத்தது ஏரின் பெயர் மட்டும். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. முழுக்கத் தார் போட்டு முடித்தது 1976இல்தான். நீங்கள் கிளீனராக லாரி ஏறியதற்கு இரண்டு வருடம் முன்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இந்த ரோடு போகிற சமவெளிதான் நல்லார்பர். அதற்கு லத்தீனில் மரமே இல்லாதது என்று அர்த்தம். ஆனால் ரோட்டோரம் பாதி வழிக்கு மேல் மரம் இருக்கத்தான் செய்கிறது. நல்லார்பர் ரோட்ஹவுஸை (பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கிற வழிக்கடை) ஒட்டிய கொஞ்ச தூரம்தான் சுத்தமாக மொட்டை. முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிறப் புதர், அதன் மேல் வானம், அவ்வளவுதான். அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல். பெய்கிற மழை அப்படியே உள்ளே இறங்கிவிடுவதால் மேலே ஆறு என்று ஒன்று ஓடுவதே இல்லை. சங்ககிரி மலைக்குக் கீழே பிறந்தவளுக்கு, கண்ணை நிறுத்த ஒரு மேடுகூட இல்லாத இடத்தில் முதல் ஒரு மணி நேரம் நெஞ்சு படபடவென்று இருந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, உங்கள் மாப்பிள்ளையிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். நீங்கள் கேட்ட "வெறும் ரோடு" படங்களை அங்கேதான் எடுத்தேன். வேறு எதை எடுப்பது என்று தெரியவில்லை அப்பா.

அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் கடல். நிலம் கத்தியால் வெட்டியது போல முடிந்து நேராகக் கீழே விழுகிறது. சில இடத்தில் 100 மீட்டருக்கும் மேல் உயரம். பையன் கையை நான் விடவே இல்லை. ஹெட் ஆஃப் பைட் என்ற இடத்தில் இந்தக் குளிர் மாதங்களில் திமிங்கிலங்கள் குட்டி போட வருகின்றன. படத்தில் தண்ணீரில் இரண்டு கறுப்புத் திட்டு தெரிகிறதே, ஒன்று தாய், சின்னது குட்டி. தாய் மூச்சு விடுவது மேலே நின்ற எங்களுக்குக் கேட்டது. அது படத்தில் வராது.

அடுத்து ஜீப்ரா கிராசிங். அது ஆள் கடப்பதற்குப் போட்டதில்லை, விமானம் இறங்குவதற்கு. ரோட்டிலேயே சில இடங்களை அதற்கென்று ஒதுக்கி, இரண்டு முனையிலும் வெள்ளைக் கோடு அடித்திருக்கிறார்கள். யாருக்காவது விபத்தோ மாரடைப்போ என்றால் ஆஸ்பத்திரி பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதனால் பறக்கும் டாக்டர் சேவைக்காரர்கள் அந்த இடத்தில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு விமானத்தை ரோட்டிலேயே இறக்கி ஆளை ஏற்றிக்கொண்டு போவார்கள். 1928இல் ஆரம்பித்த சேவை. பதிமூன்று வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன், அந்தக் கோட்டின் மேல் நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உங்களுடன் ஓட்டிய மாமா, பேதுல் காட்டு ரோட்டில் வண்டி கவிழ்ந்து விடியும் வரை கிடந்தார் என்று சொல்வீர்களே, அவர் ஞாபகம்தான் வந்தது.

மேற்கு ஆஸ்திரேலியா எல்லையில் செக்போஸ்ட் இருக்கிறது. நீங்கள் பார்த்த செக்போஸ்ட் மாதிரி பெர்மிட் கேட்பதில்லை, பழம், காய்கறி, தேன், செடி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். பூச்சியும் நோயும் உள்ளே வந்துவிடக் கூடாதாம். மெல்பர்னில் நான் வளர்த்த கறிவேப்பிலைச் செடியைக் கிளம்பும்போதே பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவிடம் தொட்டியோடு கொடுத்துவிட்டேன். அவர் அதிலேயே நாலு கொத்து ஒடித்துக் கையில் கொடுத்தார். ஈரத் துணியில் சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்து எல்லை வரை கொண்டுவந்தும், வாங்கிப் போட்டுவிட்டார்கள். அந்தப் பெண் அதிகாரி அதை முகர்ந்து பார்த்து, நல்ல வாசனை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் வேலையை அவர் செய்தார். ஆனாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏன் என்று தெரியவில்லை. தேன் பாட்டிலும் போயிற்று. இருந்த ஆப்பிளையெல்லாம் பையன் அங்கேயே நின்று தின்று முடித்தான். அம்மா சொல்லிக் கொடுத்த புளிசாதத்தை மட்டும் ஒன்றும் செய்யவில்லை.

நடுவில் ஒன்றரை நாள் என்னிடமிருந்து படமும் வரவில்லை, பேச்சும் இல்லை என்று அம்மா தூங்கவே இல்லையாமே. ரோட்ஹவுஸ் பக்கம் வந்தால்தான் சிக்னல், அங்கேயும் எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை. முன்கூட்டியே சொல்லாதது என் தப்பு. சின்ன வயதில் உங்கள் கார்டு வராத வாரம் அம்மா வாசலில் எப்படி உட்கார்ந்திருக்கும் என்று பார்த்தவள் நான். அந்த ஞாபகம் எனக்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டும். பாலடோனியா ரோட்ஹவுஸில் சிக்னல் கிடைத்ததும் நாற்பது படமும் ஒரே மூச்சாய்ப் போனது. அதனால்தான் எது எங்கே எடுத்தது என்று உங்களுக்குப் புரியாமல் போயிருக்கிறது.

இனி லாரி. இதற்குத்தான் இந்தக் கடிதமே.

கெய்குனா ரோட்ஹவுஸைத் தாண்டியதும் 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவு கிடையாது. சங்ககிரியிலிருந்து கோயம்புத்தூர் போவதைவிடக் கூடுதல் தூரம், ஸ்டியரிங்கைத் திருப்ப வேலையே இல்லை. அதில் எங்களுக்கு முன்னால் ஒரு ரோடு டிரெயின் போய்க்கொண்டிருந்தது. ஒரு என்ஜின், பின்னால் இரண்டு டிரெய்லர், மொத்தம் 36.5 மீட்டர் நீளம். நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏறிப் போகலாம் என்று வலதுபக்கம் எட்டிப் பார்த்தால் அதன் காற்று நம் வண்டியை இழுக்கிறது. பயந்து பின்னாலேயே போனேன். இங்கே லாரிக்காரர்கள் ரேடியோவில் 40ஆம் சேனலில் பேசிக்கொள்வார்கள். உங்கள் மாப்பிள்ளை கிளம்பும் முன்பே ஒரு கைரேடியோ வாங்கி வைத்திருந்தார். அதில் ஒரு குரல், "பின்னால் வரும் வெள்ளைக் கார், எதிரில் ஒன்றும் இல்லை, வாம்மா" என்றது. வாம்மா என்பது நான் போட்டுக்கொண்டது, ஆனால் அந்த மாதிரிதான் சொன்னார். நீங்கள் வலது இன்டிகேட்டரைப் போட்டுப் பின்னால் வருகிற வண்டிக்கு வழி காட்டுவீர்களே, அதேதான். ஏறிப் போனேன். தாண்டி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? பையன் டயர்களை எண்ணி முடிக்கிற அளவுக்கு. இந்தப் பக்கம் எண்ணி இரண்டால் பெருக்கி, முன்னால் ஒற்றை டயர் என்பதையும் கணக்கில் எடுத்து, 42 என்றான். அப்புச்சியிடம் சொல்லச் சொன்னான்.

பாலடோனியாவில் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்த வண்டியும் வந்து நின்றது. இறங்கியவர் உங்கள் வயதுக்குக் கொஞ்சம் குறைவானவர், வெள்ளைத் தாடி. இறங்கினதும் முதல் வேலையாக வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் காலால் தட்டிப் பார்த்தார். நான் சாப்பிடுவதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் தட்டுவது போலவே, குதிகாலால், இரண்டு தட்டு.

போய்ப் பேசினேன். பையனைக் கேபினில் ஏற்றி உட்கார வைத்தார். சீட்டுக்குப் பின்னால் கட்டில், சின்ன ஃபிரிட்ஜ். தெற்கு ஆஸ்திரேலியாவிலும் விக்டோரியாவிலும் தனி அனுமதி இல்லாத ஒரு டிரைவர் 24 மணி நேரத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது, மணிக்கணக்கை எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். நீங்கள் கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டு விடிய விடிய ஓட்டியதை அவரிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

அப்புறம் என் போனில் இருக்கும் அந்தப் பழைய படத்தைக் காட்டினேன். ஆயுத பூஜை அன்று, பம்பரில் வாழைக்கன்று கட்டி, எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்க, கதவுப்படியில் ஒரு காலை வைத்து நீங்கள் நிற்பது. கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலால் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். கதவில் பூ வரைந்தது யார் என்று கேட்டார். பாடி கட்டும் பட்டறையில் கையால் எழுதுவார்கள் என்றேன். தன் மனைவிக்குக் காட்ட அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். போகும்போது, அந்த வண்டிக்கு எத்தனை கியர், முழு லோடில் மேடு ஏறும்போது எதில் ஏற்றுவார் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை அப்பா. இத்தனை வருடம் உங்கள் மகளாக இருந்தும் அதைக் கேட்டதே இல்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று அவர் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன்.

இங்கே வீடு சின்னது, வசதிதான். திங்கட்கிழமை வேலையில் சேர்கிறேன். மெல்பர்னில் இருந்தபோது உங்களுக்கும் எனக்கும் குறைந்தது நாலரை மணி நேர வித்தியாசம். இங்கே இரண்டரைதான். அதனால் இனி ராத்திரி நீங்கள் சாப்பிட்டு முடித்ததும் கூப்பிடலாம், நான் விழித்திருப்பேன்.

கியர் விஷயத்தை நீங்களே உங்கள் குரலில் சொல்லி அனுப்புங்கள். தமிழிலேயே சொல்லுங்கள், நான் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். தொப்பூர் இறக்கத்தில் எப்படி இறக்குவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்