ஒரு விரலால் காட்டச் சொன்னவருக்கு

இரண்டு ஆண்டுகளாக என் இடுப்பு வலிப் புலம்பலை அலுக்காமல் கேட்ட எல்லோருக்கும் முதலில் ஒரு கும்பிடு. இனி அது இருக்காது. இருந்தாலும் குறைவாக இருக்கும்.

இயன்முறை மருத்துவர் அம்மாவுக்கு: என் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும், நான்காவது ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பதையே பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் படத்தை மேசைமேல் கவிழ்த்துவிட்டு, “எங்கே வலிக்கிறது? ஒரே விரலால் காட்டுங்கள்” என்றீர்கள். என் விரல் நடு முதுகுக்குப் போகவேயில்லை. வலப்புறம், இடுப்பில் குழி விழும் இடத்துக்குச் சற்றுக் கீழே போய் நின்றது. மறுபடி காட்டச் சொன்னீர்கள். அதே இடம். பிறகு காலை மடக்கியும் தொடையை அழுத்தியும் ஐந்து விதமாகச் சோதித்தீர்கள். நான்கில் அதே வலி கிளம்பியது. முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டு அது, சில மில்லிமீட்டர்தான் அசையும் என்றீர்கள். அந்தத் துளி அசைவுக்கா படுக்கையில் புரளும்போதெல்லாம் பல்லைக் கடித்தேன்! வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் டிஸ்க் பிதுங்கல் தெரியும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

வலி சிகிச்சை மருத்துவருக்கு: எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே அந்த மூட்டுக்குள் மரத்துப்போகும் ஊசி போட்டீர்கள். அரை மணி நேரத்தில், கையூன்றாமல் நாற்காலியைவிட்டு எழுந்தேன். சாயங்காலம் வலி திரும்பியது. இது நோயைக் கண்டுபிடிக்கப் போடும் ஊசி, தீர்க்கப் போடுவதல்ல என்று முன்பே சொல்லியிருந்ததால் கலங்கவில்லை. அடுத்த ஊசிக்கு நாள் குறிக்காமல் பயிற்சிக்குத் திருப்பி அனுப்பினீர்களே, அந்த நேர்மைக்குத் தனி நன்றி.

மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பைத் தூக்கி நிறுத்த வேண்டும். எண்ணும் வேலை மகளுக்கு. ஏழு சொன்ன பிறகு மறுபடி ஐந்து என்பாள். அவளுக்குக் கணக்கு நன்றாகவே வரும் என்பதால், இதை அறியாமையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. மூன்று மாதம் இப்படித்தான் ஏமாற்றப்பட்டேன். நன்றி, மகளே.

முழங்கால்களுக்கு இடையே தலையணை வைத்து ஒருக்களித்துப் படுக்கப் பழக்கிய மனைவிக்கும், அரை மணிக்கு ஒருமுறை என்னை இருக்கையிலிருந்து எழுப்பிய அலுவலக நண்பருக்கும் கடன்பட்டிருக்கிறேன். அசையாமல் படுத்திருக்கச் சொன்னவர்களே, உங்கள் அக்கறைக்கும் நன்றி. ஆனால் அப்படிப் படுத்திருந்த மூன்று வாரத்தில்தான் வலி முற்றியது.

இடுப்புப் பட்டையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். மருத்துவர் கட்டச் சொன்னவர்கள் யாராவது இருந்தால் கேளுங்கள், தருகிறேன். சுற்றளவு மட்டும் பெரியது.