எழுத்தில் வாங்கிக்கோ

அன்புள்ள கண்ணு,

பாப்பாவுக்குச் சோறு ஊட்ட ஆரம்பித்தாயா? இரண்டு ஞாயிறாக உன் போன் இல்லை. மாப்பிள்ளைதான் பேசினார். "அவ ஏதோ யோசிச்சுட்டு இருக்கா, அத்தை" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை.

உன் மகப்பேறு விடுப்பு இருபத்தாறு வாரமும் வருகிற மாசம் முடிகிறது. 2017-இல் மகப்பேறுச் சட்டத்தைத் திருத்தியபோது, வேலையின் தன்மை இடம் கொடுத்தால் விடுப்பு முடிந்த பிறகு தாய் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சேர்த்தார்கள். கட்டாயமில்லை, கம்பெனியும் நீயும் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சாக இருந்தால் மேனேஜர் மாறும்போது அதுவும் போய்விடும். எழுத்தில் வாங்கிக்கோ.

குழந்தையைக் காட்டிச் சலுகையாகக் கேட்காதே. அவர்களுக்கு என்ன லாபம் என்று சொல். சீனாவில் பயண டிக்கெட் விற்கிற ட்ரிப்.காம் கம்பெனியில் 1,612 பேரைப் பிறந்த தேதியை வைத்து இரண்டாகப் பிரித்தார்கள். ஒற்றைப்படைத் தேதிக்காரர்களுக்குப் புதனும் வெள்ளியும் வீட்டிலிருந்து வேலை, மற்றவர்களுக்கு ஐந்து நாளும் ஆபீஸ். வேலையின் தரத்திலும் பதவி உயர்விலும் வித்தியாசம் இல்லை. ஆனால் வீட்டு நாள் கிடைத்தவர்களில் வேலையை விட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைவு. பெண்களும் தூரத்திலிருந்து வருகிறவர்களும்தான் அதிகம் வேலையில் நிலைத்தார்கள். 2024-இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வந்தது. பழகிய ஆள் ஒருவர் போனால் புதிதாகத் தேடி, எடுத்து, பழக்க எத்தனை மாசம் வீணாகும் என்று உன் மேனேஜருக்கும் தெரியும்.

ஐந்து நாளும் வீட்டில் வேண்டும் என்று கேட்காதே. அதே கம்பெனி 2010-இல் கால் சென்டர் ஆட்களை வாரம் நாலு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க விட்டது. அவர்கள் செய்து முடித்த வேலை 13 சதவீதம் கூடியது, இடைவேளையும் உடம்பு சரியில்லை என்ற லீவும் குறைந்ததுதான் பெரிய காரணம். ஆனால் அதே அளவு வேலை செய்தும் பதவி உயர்வில் பின்தங்கினார்கள். தனிமை தாங்காமல் பலர் ஆபீசுக்கே திரும்பினார்கள். இரண்டு நாள் போதும். வெள்ளிக்கிழமைதோறும் முடித்த வேலையை நாலு வரியில் மேனேஜருக்கு அனுப்பு. எட்டு வருஷம் உழைத்து டீம் லீட் ஆனவள் நீ, உன் பெயர் அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும்.

மேனேஜருக்கு இதைக் கேட்டு எழுதுகிற மெயிலில் எந்த இரண்டு நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை கிடைப்பாய், எதை வைத்து உன் வேலையை அளப்பார்கள், மூன்று மாசம் கழித்து எந்தத் தேதியில் பார்த்து முடிவு செய்வது, இந்த நாலும் இருக்கட்டும். பதிலையும் எழுத்தில் வாங்கிக்கோ.

வீட்டில் கதவுள்ள அறை வேண்டும். அந்தச் சீனக் கம்பெனியிலும் 2010-இல் தனி அறை உள்ளவர்களைத்தான் சேர்த்துக்கொண்டார்கள். அந்த நேரம் பாப்பாவை உன் மாமியாரோ ஆயாவோ பார்க்க வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு மீட்டிங் பேச முடியாது, இரண்டும் கெடும். கரண்ட் போனாலும் ஓட, ரவுட்டருக்குச் சின்ன பேட்டரி யூபிஎஸ் வாங்கு. ரவுட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப் என்று பார்த்து வாங்கு. நெட் லைன் வந்து சேருகிற ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்து வேண்டும். இல்லாவிட்டால் ரவுட்டரில் விளக்கு எரியும், நெட் வராது. சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்காராதே. பிரசவமான இடுப்பு.

நீ வயசுக்கு வந்த அன்று அம்மிச்சிதான் உன் பக்கத்தில் இருந்தாள். நான் மில்லில் இருந்து ஆறு மணிக்குத்தான் வந்தேன். அரை நாள் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவே இல்லை, கண்ணு. லீவு கேட்காதவள் என்ற பெயர் அன்று எனக்கு உன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

மெயிலை அனுப்பும் முன் எனக்கு அனுப்பு, தேதிகளைச் சரிபார்த்துத் தருகிறேன். வேறு ஏதாவது கடிதம் எழுதி வைத்திருந்தால், அதையும் முதலில் எனக்கே அனுப்பு.

அம்மா