மாரிமழையும் ஒரு பானைக் கூழும்

அன்பு மகளுக்கு,

விடிய நாலு மணிக்குத் தொடங்கிய மழை இன்னும் விடவில்லை. கார்த்திகை என்றால் அப்படித்தானே. முற்றத்தில் கணுக்கால் அளவு வெள்ளம். கிணறு குனிந்து அள்ளலாம் போல நிரம்பிவிட்டது. அப்பா வெளியே போக வழியில்லாமல் விறாந்தையில் கதிரையைப் போட்டு மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "கூழ் காய்ச்சினால் என்ன?" என்றார்.

நீ போன இந்த மூன்று வருஷமும் நான் கூழ் காய்ச்சவில்லை, பிள்ளை. ஒடியல் மா இல்லாமல் இல்லை. இரண்டு பேருக்குக் காய்ச்ச எனக்கு அளவு தெரியாது. இன்றைக்குப் பெரிய பானையையே ஏற்றினேன்.

போன கிழமை நீ காய்ச்சிய கூழ் கயர்த்துப்போனது என்றாய். அதை யோசித்தபடிதான் மாவை ஊறப்போட்டேன். கடை மாவில் பிழை இல்லை. புழுக்கொடியல் என்றால் பனங்கிழங்கை அவித்துக் காயவிட்டது. ஒடியலோ பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்துக் காயவிட்டது, கசப்பு அதோடேயே இருக்கும். மாவை நிறையத் தண்ணீரில் கரைத்து விடு. மா அடியில் படிந்ததும் மேலே தெளிந்த தண்ணீரை மெல்ல வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடு. மூன்று, நாலு தரம். நீ ஒருதரத்தோடு விட்டிருப்பாய். வேலையால் களைத்து வந்த நாளில் இதைத் தொடங்காதே, லீவு நாளில் செய்.

கடல் அடிப்பதால் பெரிய மீன் இல்லை. சைக்கிளில் வந்தவரிடம் நண்டும் இறாலும் கொஞ்சம் கிடைத்தது. பின் அடுப்பில் ஊமல், அதுதான் காய்ந்த பனங்கொட்டை, போட்டு எரித்தேன், ஈர விறகு புகைத்த புகையில் கண்ணெல்லாம் எரிந்தது. ஒரு பிடி புழுங்கல் அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயத்தங்காய் எல்லாம் முதலில் அவிய வேண்டும். மரவள்ளி அவியும்போது பானையை மூடாதே. பிறகு நண்டும் இறாலும். அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் கரைத்த மாவும் கடைசியில்தான். மா விட்ட பிறகு அடுப்பைக் குறைத்து, கையெடுக்காமல் துழாவு. அடியில் பிடித்தால் முழுப் பானையும் கருகல் மணக்கும். இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை.

பின்னேரம் பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டோம். குடையோடு வந்தார்கள், அவர்களுடைய சின்னவன் கூழ் குடிக்கப் பிலாவிலையைக் கோலி ஈர்க்கு குத்தப் பழகினான். நீ அந்த வயதில் இலை ஓட்டையாகிச் சட்டையெல்லாம் ஊற்றிக்கொண்டு அழுதது எனக்கு அப்படியே கண்ணுக்குள் வந்தது.

அப்புறம் எல்லாரும் ரீவிக்கு முன்னால். செய்தி போய்க்கொண்டிருக்க, மழைக்குப் படம் நின்று நின்று வந்தது. என் சின்ன வயதில் உன் தாத்தா உயரமான கம்பத்தில் அன்ரனா கட்டி இந்தியாவின் தூரதர்ஷன் பிடிப்பார். படம் புள்ளி புள்ளியாகப் போனால் மழையிலும் இறங்கி கம்பத்தைத் திருப்பி, "இப்ப தெரியுதோ?" என்று முற்றத்தில் நின்று கேட்பார். நாங்கள் உள்ளே இருந்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்போம். 1990இல் சண்டையால் கறண்ட் போன பிறகு அந்தப் பெட்டிக்கு மேல் உன் அம்மம்மா ஜாம் போத்தல் விளக்கை வைத்தார். அந்த வெளிச்சத்திலும் மழை நாளில் கூழ் காய்ச்சினோம், வீடு நிறைய ஆட்கள் இருந்தோம்.

அதுதான் சொல்கிறேன், நீயும் தனியக் காய்ச்சாதே. உன் அறையில் இருக்கிற பிள்ளைகளையும் கூப்பிடு. ஒடியல் தெரியாத பிள்ளைகள் என்றாலும் பரவாயில்லை, காரத்தைக் கொஞ்சம் குறை. பிலாவிலை கிடைக்காது, கோப்பையில் குடியுங்கள்.

தை மாதம் வருகிறவர் ஒருவரிடம் இரண்டு கிலோ மா தந்துவிடுகிறேன். பானையில் இன்னும் நாலு அகப்பைக் கூழ் மிச்சம் இருக்கிறது. அப்பா கூப்பிடுகிறார், நாடகம் தொடங்கிவிட்டதாம்.

அன்புடன்,
அம்மா