படத்தில் இருப்பது ஆலா

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் படமும் வந்தன. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளா, நல்லது, இனி நீ உட்காரவே முடியாது. எனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அதனால்தான் உன் படத்தை இவ்வளவு உற்றுப் பார்க்க முடிகிறது.

படத்தில் உள்ள பறவையைக் கடற்காகம் என்று எழுதியிருந்தாய், அது கடற்காகம் இல்லை. பெரிய கொண்டை ஆலா என்ற வேறொரு கடற்பறவை. கடற்காகத்துக்கு அலகு தடித்து நுனியில் கொக்கிபோல வளைந்திருக்கும், இதற்கு நீண்டு கூரான மஞ்சள் அலகு. பிடரியில் கறுப்புக் கொண்டை, அது எப்போதும் தூங்கி எழுந்தவன் தலை மாதிரி கலைந்தே கிடக்கும். உன் படத்தில் முன்னந்தலை நன்றாக வெளுத்திருக்கிறது, ஆகவே இனப்பெருக்கக் காலம் முடிந்த பிறகு எடுத்திருக்கிறாய். சிறகை விரித்தால் 125 செ.மீ.க்குக் குறையாது, ஆனால் எடை அரைக்கிலோகூட வராது.

இது மீன் பிடிப்பதைப் பார்த்திருக்கிறாயா? அலகைக் கீழே நோக்கி வைத்துக்கொண்டே பறக்கும், மீன் தெரிந்ததும் தலைகீழாக விழும், சுமார் ஒரு மீட்டர் ஆழம்வரை போய் மேலே வந்து, பறந்தபடியே தலைப்பக்கமாக மீனை விழுங்கிவிடும். தண்ணீருக்குள் போய்விட்டால் ஆலாவின் கண்ணால் சரியாகக் குவித்துப் பார்க்க முடியாது, குறி எல்லாம் மேலிருந்தே வைத்தாக வேண்டும். விழித்திரையில் சிவப்பு நிற எண்ணெய்த் துளிகள் இருக்கின்றன, நீர்ப்பரப்பை ஊடுருவிப் பார்க்க அவைதான் உதவுகின்றன.

என்னை இந்தப் பறவையிடம் பிடித்து வைத்திருப்பது அதன் முட்டை. கூடு என்று ஒன்றுமில்லை, தீவு மணலில் ஒரு சின்னக் குழி, அதில் பெரும்பாலும் ஒரே முட்டை, பக்கத்துப் பறவை அலகு எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும். இத்தனை நெருக்கத்தில் தன் முட்டை எது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு முட்டையிலும் புள்ளியும் கோடும் வேறுவேறாக இருக்கும், அதை வைத்துத்தான் கண்டுகொள்கிறது. குஞ்சு பொரித்த சில நாட்களில் இடத்தைவிட்டு எழுந்து மற்ற குஞ்சுகளோடு கூட்டமாகச் சேர்ந்துவிடும், அப்புறம் குரல்தான் அடையாளம். மீனோடு வரும் தாயோ தகப்பனோ அந்த இரைச்சலுக்குள் தன் பிள்ளையைத் தேடி ஊட்டும்.

அதனால்தான் அடுத்த முறை முட்டையிடும் காலத்தில் படகில் தீவுக்கே போய்ப் படம் எடுக்கப்போகிறேன் என்று நீ எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. மனிதர் கால் வைத்தால் மொத்தக் கூட்டமும் எழும்பும், காத்திருக்கும் கடற்காகங்களுக்கு அந்தக் கொஞ்ச நேரம் போதும், முட்டைகள் காலி. தப்பியவையும் வெயிலில் வெந்துபோகும். முட்டைக்கு மணலின் நிறம் என்பதால் மிதித்தாலும் உனக்குத் தெரியாது.

குஞ்சுகள் பறக்கத் தொடங்கிய பிறகு கரையிலேயே நின்று பார். சுமார் 40 நாளில் பறந்துவிடும், ஆனால் அதற்கப்புறமும் மாதக்கணக்கில் பெற்றோர் பின்னாலேயே கத்திக்கொண்டு அலையும், உடம்பு வளர்ந்தும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். நம் இருவர் பிள்ளைகளின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. எப்போது போகிறாய் என்று முன்கூட்டியே சொல், பைனாகுலரோடு நானும் வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச்காரன்