இரண்டு பஸ் தூரத்தில் கத்தரிக்காய்

ஸ்காபரோ, ரொறன்ரோ, கனடா,
2014 ஒக்ரோபர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் தங்கச்சி குடும்பமும் நலமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். போனில் "அங்க மரக்கறி கிடைக்குதோ, ஏன் மெலிஞ்சு போனாய்" என்று கேட்டீர்கள். அதற்குள் லைன் வெட்டிப் போய்விட்டது. ஆறுதலாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது பதினான்காம் மாடி. சுற்றிவர இதேபோல ஐந்தாறு கட்டடங்கள், எல்லாம் 1960களிலும் 70களிலும் எழும்பியவை. குடியிருக்கிறவர்களிடம் கார் இருக்கும் என்று நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். இந்தக் காணிகளில் கடை போடவும் சட்டம் விடவில்லை. இப்போது இருப்பவர்கள் எங்களைப் போல வந்து சேர்ந்த சனம், பலரிடம் கார் இல்லை. பெரிய ரோட்டில் பெற்றோல் செட்டோடு ஒரு கடை உண்டு. சோடா, சிப்ஸ், பாண் இருக்கும். ஒரு மூலையில் கறுத்துப்போன நாலு வாழைப்பழம்.

ஸ்காபரோ முழுக்கத் தமிழ்க் கடைதானே என்று மாமா சொல்லியிருப்பார். உண்மைதான். முருங்கைக்காய், வல்லாரை எல்லாம் விமானத்தில் வந்து இறங்குகின்றன. ஆனால் அங்கே போக எனக்கு இரண்டு பஸ். போக மூன்று டொலர், வர மூன்று டொலர். மைனஸ் இருபது குளிரில் சின்னவனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு எத்தனை பை தூக்குவது? கெடாததும் பாரமில்லாததும் பார்த்துத்தான் வாங்க வருகிறது: நூடில்ஸ், ரின் மீன், பாண். போன டிசம்பர் பனிமழையில் கரண்ட் போய் லிஃப்டும் நின்றபோது மூன்று நாள் பாணும் ஜாமும்தான். ஏழைச் சனத்துக்கு நல்ல சாப்பாட்டின் அருமை தெரியாது என்று சிலர் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது, அம்மா. பக்கத்து வீட்டு சோமாலிய அக்காவுக்குத் தெரியாத கீரையா? அவவுக்கு இல்லாதது கிட்டடியில் ஒரு சந்தை.

எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையை அடிக்கடி நினைப்பேன். வேரில் செம்மண் காயாமல் வந்து இறங்கும் கீரைப்பிடி. அப்பா சைக்கிளில் போய்க் கத்தரிக்காயை அமர்த்திப் பார்த்து வாங்கி, ஏழு மணிக்கு முன் வீட்டில் நிற்பார். அது எவ்வளவு பெரிய வசதி என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

சரி, நல்ல செய்தியும் இருக்கிறது. இங்கே 1985இலிருந்து ஃபூட்ஷெயர் என்று ஓர் அமைப்பு இயங்குகிறது. மரக்கறியை மொத்தமாக வாங்கி, குறைந்த விலையில் இப்படியான இடங்களுக்கு அனுப்புகிறார்கள். ஓட்டம் முடிந்த மாநகர பஸ் ஒன்றுக்கு உள்ளே தட்டு அடித்து, நடமாடும் சந்தையாகவும் விட்டிருக்கிறார்கள். அவர்களிடம் எடுத்து எங்கள் கட்டடத்துப் பெண்கள் சனிக்கிழமைகளில் கீழ்த்தளத்தில் மேசை போடுகிறோம். நான் தராசில் நிற்கிறேன். முதல் நாள் ஒரு கிழவர் தக்காளியை மணந்து பார்த்துக்கொண்டே கனநேரம் நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வருஷம் மாநகரசபையும் மாடிக் கட்டடங்களுக்குக் கீழே சின்னக் கடை, சந்தை வைக்கலாம் என்று விதியை மாற்ற ஒப்புக்கொண்டிருக்கிறது. நடைமுறைக்கு வர நாள் எடுக்குமாம். வரட்டும், நாங்கள் மேசையை எடுக்கப் போவதில்லை.

ஒரு உதவி வேணும் அம்மா. கேல் என்று ஒரு தடித்த இலை இங்கே மலிவு. பலர் எப்படிச் சமைப்பது என்று தெரியாமல் விட்டுப் போகிறார்கள். நான் முருங்கையிலை வறை மாதிரித் தேங்காய்ப்பூ போட்டுச் செய்தேன். எல்லாருக்கும் பிடித்தது, ஆனால் ஒரு கசப்பு நிற்கிறது. நீங்கள் கசக்கிற இலைக்கு என்ன செய்வீர்கள், முதலில் அவிப்பதா, உப்பில் பிசைவதா? தங்கச்சியிடம் சொல்லிக் கெதியாக எழுதுவியுங்கள். அடுத்த மாதம் சந்தையில் அதைச் செய்து காட்டுவதாகச் சொல்லிவிட்டேன்.

உங்கள் அன்பு மகள்