பார்வைக்குச் செய்யாத வேலை

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். உன் கடிதம் கிடைத்தது. வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகட்டுமா என்று கேட்டிருக்கிறாய். போவதில் எனக்கு வருத்தமில்லை. "நாள் முழுக்க பில்லையும் ரசீதையும் பார்த்துக்கொண்டிருப்பதில் தேவனுக்கு என்ன பிரயோஜனம்?" என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரிதான் உறுத்துகிறது. அழைப்பு இருந்தால் போ. இருக்கிற வேலை வீண் என்று நினைத்துக்கொண்டு மட்டும் போகாதே. அங்கேயும் பில்லும் ரசீதும் உண்டு. சபைக் கணக்கைத் தணிக்கைக்குக் கொடுக்கிறவர்களைக் கேட்டுப் பார்.

மனுஷனை ஏதேன் தோட்டத்தில் வைத்தது "பண்படுத்தவும் காக்கவும்" என்று ஆதியாகமம் 2:15 சொல்கிறது. பாவம் நுழைவது 3-ஆம் அதிகாரத்தில்தான். அதனால் முள்ளும் வியர்வையும் சாபத்தோடு வந்தவை, வேலை அதற்கு முன்பே இருந்தது. தேவ ஆவியினால் நிரப்பப்பட்டான் என்று யாத்திராகமம் 31 சொல்கிற பெசலெயேலும் ஆசாரியன் இல்லை. பொன்னிலும் வெண்கலத்திலும் மரத்திலும் வேலை தெரிந்த கைவினைக்காரன். பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு சேர்ந்து கூடாரம் பண்ணினார். அந்த நேரத்தை ஊழியத்துக்கு விழுந்த இடைவெளியாக அவர் எங்கேயும் எழுதவில்லை.

"எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாக" என்ற வசனம் உனக்கு மனப்பாடம். கொலோசெயர் 3-இல் அதற்குச் சற்று முன்னால், 22-ஆம் வசனத்தில், ஒரு சொல் இருக்கிறது: "பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்." மூல கிரேக்கத்தில் இது கண்ணையும் அடிமைத்தனத்தையும் ஒட்டிய ஒரே சொல். எஜமான் கண் பார்க்கிற வரைக்கும் மட்டும் நடக்கிற வேலை என்று அர்த்தம். பவுல் இதை எழுதியது அடிமைகளுக்கு. பதவி உயர்வோ பாராட்டோ கிடைக்க வழியே இல்லாதவர்களுக்கு.

உன் மேஜையில் இது எப்படி இருக்கும் என்று பார். மாதக் கடைசி, 40 பில், மாலைக்குள் முடிக்க வேண்டும். 6 பில்லை ஒழுங்காகப் பார்க்கிறாய். மீதி 34-க்கும் "சரிபார்த்தவர்" கட்டத்தில் உன் சுருக்கொப்பம் விழுகிறது. அந்த 34 ஒப்பமும் பார்வைக்குச் செய்த ஊழியம். ஒப்பமிட ஒரு நொடிகூட ஆகாது, அன்றைக்கு யாருக்கும் தெரியாது, அதனால்தான் நல்லவர்களும் இதில் விழுகிறார்கள். மூன்று மாதம் கழித்து ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போயிருப்பது தெரியவரும். அப்போது திட்டு வாங்குவது பணம் அனுப்பின பையன்.

அவசரம் வரும்போது வரிசையை மாற்று. பெரிய தொகைகளை முதலில் எடு. பிறகு புதிதாய் வந்த வியாபாரிகள். அப்புறம் ஒரே எண்ணோ ஒரே தொகையோ மறுபடி வருகிறவை. பைசா சில்லறையே இல்லாமல் முழுத் தொகையாய் நிற்கிற பில்களையும் விடாதே. மாதாமாதம் ஒரே மாதிரி வருகிற சின்னப் பில்கள் கடைசிக்கு நிற்கட்டும். நேரம் போதாவிட்டால், "40-இல் 27 பார்த்தாயிற்று, மீதி 13 நாளை மதியத்துக்குள்" என்று எழுதி அனுப்பு. மேனேஜர் முகம் சுளிக்கலாம். ஆனால் உன் ஒப்பத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கும். பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு நிறைகற்கள் வைத்திருக்காதே என்று உபாகமம் 25 சொல்வது வியாபாரிக்கு மட்டுமில்லை.

தப்பு உன்னுடையதாக இருந்தால் அன்றைக்கே சொல். என்ன நடந்தது, யாருக்குப் பாதிப்பு, இதுவரை என்ன செய்தாய், எப்போது முழுசாகச் சரியாகும் என்ற நாலும் இருந்தால் போதும். தமிழில் நமக்கு ஒரு வசதியான ஒளிவிடம் உண்டு: "பிழை நேர்ந்துவிட்டது." நேர்ந்ததாம், மழை மாதிரி! "நான் தேதியைப் பார்க்காமல் விட்டேன்" என்று எழுது. அதற்குமேல் மூன்று பத்தி மன்னிப்பு வேண்டாம். அதிகமாகக் கெஞ்சினால் பேச்சு தப்பை விட்டு உன்மேல் திரும்பிவிடும்.

பில்லில் போன மாதத் தேதி போடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதற்கு தானியேல் 1-ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படி. ராஜாவின் போஜனம் வேண்டாம் என்றதும் மேலதிகாரி பயந்தான். போவது அவன் தலை. தானியேல் அந்தப் பயத்தை ஏளனம் பண்ணவில்லை. பத்து நாள் பருப்பும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாரும் என்று மாற்றுவழி ஒன்றை வைத்தார். நீயும் முதலில் தனியாகப் போய்க் கேள்: "நான் சரியாகப் புரிந்துகொண்டேனா? போன மாதத் தேதி போடவா சொல்கிறீர்கள்?" பாதி விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடும்; சொன்னவரே யோசிக்காமல் சொல்லியிருப்பார். முடியாவிட்டால் அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று பார்த்து, அதற்கு நேரான வழியை எடுத்துக்கொண்டு போ. வந்த தேதியிலேயே பதிவுசெய்து, தாமதத்துக்குக் காரணம் எழுதி, விதிவிலக்குக்கு அனுமதி கேட்கலாம். அதுவும் வேண்டாம் என்றால், "இதை மெயிலில் அனுப்பிவிடுங்கள் சார்" என்று சொல். எழுத்தில் கேட்டாலே பலர் பின்வாங்கிவிடுவார்கள். எழுத்திலும் வந்துவிட்டால், "என்னால் இதைச் செய்ய முடியாது" என்று ஒரே வரியில் முடித்துக்கொள். வசனம் எடுக்காதே, ஆபீஸ் முழுக்கப் பரப்பாதே. யார் எப்போது கேட்டார், நீ என்ன பதில் சொன்னாய் என்பதை மட்டும் குறித்து வை.

இதனால் நஷ்டம் வரலாம், மறைக்கமாட்டேன். யோசேப்பு உயர்ந்ததைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்கிறோம். எகிப்தில் எஜமான் போத்திபாரின் வீட்டில் அவர் உண்மையாய் இருந்ததற்குக் கிடைத்தது சிறைச்சாலை. சிறையில் ராஜாவின் பானபாத்திரக்காரனுக்குச் சொப்பனத்தின் அர்த்தம் சொன்ன பிறகும் இரண்டு வருஷம் யாரும் நினைக்கவில்லை. நேர்மையை முதலீடாக எண்ணிப் போடுகிறவர்கள், லாபம் வராத வருஷத்தில் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். இன்னொன்று: பிடிக்காததையெல்லாம் பாவக் கணக்கில் சேர்க்காதே. ரிப்போர்ட்டை வேறு வடிவத்தில் கேட்டாலோ அதே மீட்டிங்கை மூன்றாம் முறை வைத்தாலோ, அது தானியேலைப் போட்ட சிங்கக்கெபி இல்லை. செய்துவிட்டுப் போ.

இப்போது உன் கீழே நாலு பேர் இருக்கிறார்கள். கொலோசெயர் 4:1 இனி உனக்கும் பொருந்தும்: எஜமான்களே, நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள். கூலிக்காரன் கூலி விடியற்காலம்வரை உன்னிடம் இருக்கலாகாது என்கிறது லேவியராகமம் 19:13. சம்பளம் கொடுப்பது நீ இல்லைதான், ஆனால் அவர்களுடைய ஓவர்டைம் படிவம் உன் கையெழுத்துக்காக மேஜையில் கிடக்கிறது. வந்த அன்றைக்கே போட்டு அனுப்பு. தப்பைத் தனியே சொல், மத்தேயு 18:15-இன் முறை அதுதான். பாராட்டை மேலிடத்தின் காதில் விழ, பெயர் சொல்லிச் சொல். அவர்கள் செய்ததை "நாங்கள்" என்று பொதுவாகச் சொல்லி நீ வாங்கிக்கொள்ளாதே.

ஆபீஸில் விசுவாசத்துக்குச் சாட்சியாக இருப்பது பற்றியும் கேட்டாய். மேஜையில் வசன அட்டை வைப்பது உன் இஷ்டம். வைத்தால் அந்த அட்டையின் கீழே கிடக்கிற வேலையை மற்றவர்கள் இரண்டு மடங்கு கவனிப்பார்கள். உன் கீழே இருக்கிறவர்களிடம் நீயாக விசுவாசத்தைப் பற்றி ஆரம்பிக்காதே. அவர்களுக்கு லீவு கொடுப்பது நீ. கேட்க விருப்பமில்லை என்று உன்னிடம் எப்படிச் சொல்வார்கள்? கேட்டால் சொல். 1 பேதுரு 3:15, கேட்கிறவர்களுக்குச் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்லச் சொல்கிறது. வேலை நேரத்துக்கு வெளியே, இரண்டு நிமிஷத்தில்.

ஆபீஸ் நேரம் ஏற்கெனவே சம்பளத்துக்கு விற்றாயிற்று என்பதால் வேதவாசிப்பும் அதில் வேண்டாம். காலையில் மெயிலைத் திறப்பதற்கு முன், அன்றைய வேலைப் பட்டியலை ஜெபமாகவே வாசி. யாரைப் பார்க்கப் போகிறாய், எதற்குப் பயப்படுகிறாய், எல்லாம் பெயரோடு. வேலை நடுவில், பெர்சிய ராஜாவிடம் வேலை பார்த்த நெகேமியா செய்தது போதும்: ராஜா கேள்வி கேட்டதற்கும் தான் பதில் சொன்னதற்கும் இடையில் ஜெபம்பண்ணினார். ஒரு மூச்சுக்குமேல் ஆகியிருக்காது. கோபத்தில் தட்டின மெயிலுக்கும் அனுப்பும் பொத்தானுக்கும் நடுவே அந்த ஒரு மூச்சு இருக்கட்டும்.

ஓய்வுநாள் கட்டளையில் "உன் வேலைக்காரனானாலும், உன் வேலைக்காரியானாலும்" என்று இருக்கிறதைக் கவனித்தாயா? நீ மட்டும் ஆராதனைக்குப் போய்விட்டு, ஞாயிறு இரவு அந்த நாலு பேருக்கும் மெசேஜ் போட்டால் கட்டளையில் பாதிதான் கைக்கொண்டாய். யோசனை வந்தால் எழுதி வைத்துக்கொண்டு திங்கள் காலை அனுப்பு.

முழுநேர ஊழியம் பற்றி இப்போதே முடிவெடுக்காதே. ஆறு மாதம் இந்த வேலையை இப்படிச் செய்துகொண்டு, சபையிலும் ஒரு பொறுப்பை எடுத்துப் பார். அதற்குப் பிறகும் ஊழியத்துக்கான பாரம் குறையாவிட்டால், உன் குறைகள் தெரிந்த இரண்டு பெரியவர்களிடமும் போதகரிடமும் பேசு. வேலையில் மனஸ்தாபமாயிருக்கிற வாரத்தில் மட்டும் பேசாதே.

மாதக் கடைசி முடிந்ததும் போன் பண்ணும்மா. அந்த நாலு பேருடைய பெயர்களையும் அம்மா கேட்கிறாள், ஜெபக் குறிப்பில் எழுதிக்கொள்ள வேண்டுமாம். மறக்காமல் அனுப்பு.

ஜெபத்துடன்,
அப்பா